கிரிஸ்லிக்கு எந்தத் தோட்டா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கிரிஸ்லி என்ற வட அமெரிக்கப் பழுப்புக் கரடியின் வேட்டையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் என் காராஜில் தோட்டா நிரப்பும் மேசை மேலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பதில் எழுதுகிறேன். வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, என்னிடம் .30-06 ரைஃபிள் இருக்கிறது. செப்டம்பரில் ஆங்கரேஜில் இருக்கும் என் மச்சானோடு கிரிஸ்லி வேட்டைக்குப் போகிறேன். அதைவிடப் பெரிய .375 இல்லாமல் அந்தப் பக்கம் போகாதே என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?” – வாசகர், சியாட்டில்

முதலில் மச்சான் விஷயத்தைத் தீர்ப்போம். அலாஸ்காவில் வெளி மாநிலத்துக்காரர் கிரிஸ்லி வேட்டைக்குப் போனால், உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும். அல்லது 19 வயது நிரம்பிய, அலாஸ்காவாசியான நெருங்கிய உறவினர் வர வேண்டும். மனைவியின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை கணவர் என்றால் சட்டம் ஒப்புக்கொள்ளும். நாம் அத்தை மகனையும் மாமன் மகனையும்கூட மச்சான் என்போமே, அந்த மச்சான் செல்லாது. அமெரிக்கச் சட்டத்துக்கு அவர் வெறும் கஸின். செல்லுபடியாகும் மச்சானும் நீங்கள் சுடும்போது 100 கஜத்துக்குள் இருக்க வேண்டும், கூடாரத்தில் படுத்துத் தூங்கக் கூடாது.

இப்போது ரைஃபிள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் லண்டனில் பிறந்த அருமையான தோட்டா. தோட்டாவின் நுனியிலிருந்து பறக்கும் 300 கிரெய்ன் குண்டை (கிரெய்ன் எடை அளவு, கீழே விளக்குகிறேன்) நொடிக்கு 770 மீட்டர் வாக்கில் அனுப்பும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது தோளில் கொடுக்கும் உதை .30-06 கொடுப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜூலையில் வாங்கி, பத்து தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு செப்டம்பரில் காட்டுக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விசையில் விரல் படும்போதே அவர்களுக்குக் கண் மூடிக்கொள்கிறது. குண்டு பெரிதுதான், போய்ச் சேர்வது கரடியின் வயிற்றில். அப்புறம் அந்தக் கரடியைத் தேடி ஆல்டர் புதருக்குள் யாராவது போக வேண்டும். அது உங்கள் மச்சானாக இருக்கும்.

1983-இல் அமெரிக்க வனத்துறை அலாஸ்காவில் வேலை செய்யும் தன் ஆட்களுக்காகப் பல தோட்டாக்களை 15 கஜ தூரத்தில் சுட்டுச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. .458, .375, .338 போன்ற பெரிய தோட்டாக்கள் எல்லாம் முன்வரிசையில் வந்தன, அது எதிர்பார்த்ததுதான். 220 கிரெய்ன் குண்டு போட்ட நம்முடைய பழைய .30-06-ம் அதில் தேறியது. 1906-இல் ராணுவத்துக்காக வந்த தோட்டா, இன்றும் சோறு போடுகிறது.

ஆகவே பணத்தை ரைஃபிளில் கொட்டாமல் குண்டில் போடுங்கள். மானுக்கு நீங்கள் வைத்திருக்கும் மெல்லிய குண்டு இங்கே உதவாது. இலையுதிர்காலக் கிரிஸ்லிக்கு ஈர மயிர், அதற்குக் கீழே விரற்கடைக் கணக்கில் கொழுப்பு, அதற்கும் கீழே தோள்பட்டை எலும்பு. இத்தனையையும் தாண்டிக் குண்டு நுரையீரலுக்குப் போக வேண்டும். மேலேயே சிதறினால் கதை முடிந்தது. 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய மூஸ் மானைச் சுட்டபோது இதுதான் நடந்தது. வேகமாகப் போன குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்தன. ஊருக்குத் திரும்பி, நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அதுதான் பார்ட்டிஷன். 1948-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. .30-06-க்கு அதில் 200 கிரெய்ன் எடுங்கள். முழுத் தாமிரக் குண்டு பிடிக்கும் என்றால் 180 போதும். தாமிரம் எடை இழக்காது, அதனால் கொஞ்சம் இலேசாக இருந்தாலும் ஆழமாகப் போகும்.

“கிரெய்ன் கிரெய்ன் என்கிறீர்களே, அது என்ன கணக்கு? தோட்டாவை நானே நிரப்பினால் கம்பெனித் தோட்டாவைவிட எவ்வளவு வேகம் கூட்டலாம்?” – வாசகர், ஹூஸ்டன்

ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். 200 கிரெய்ன் என்றால் 13 கிராம். தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு. நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியும் அதே குடும்பம்தான், ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும்.

இரண்டாவது கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது. வெடிமருந்தைக் கூட்டி நொடிக்கு முப்பது மீட்டர் சம்பாதித்தால் கரடிக்கு அது தெரியாது, உங்கள் ரைஃபிளுக்குத் தெரியும். அழுத்தம் ஏறி தோட்டாவின் பித்தளைக் கூடு குழலின் பின்னறையில் ஒட்டிக்கொண்டால், அதை வெளியே இழுக்கும் போல்ட் திறக்காது. கிரிஸ்லி முன்னால் நிற்கும்போது ஒரே குண்டோடு நிற்பீர்கள். அதனால் கையேட்டில் போட்டிருக்கும் ஆரம்ப அளவிலிருந்து மெதுவாக ஏறுங்கள், உச்சத்துக்கு முன்பே நில்லுங்கள். நான் போடும் அளவு என்னவென்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுத மாட்டேன். அது என் குழலுக்கு, என் பித்தளைக்கு, நான் வாங்கிய மருந்து டப்பாவுக்குப் பொருந்துவது. உங்களுடையதில் அதே அளவு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

பின் எதற்காக நிரப்ப வேண்டும்? பழக்கத்துக்காக. நல்ல வேட்டைத் தோட்டா இருபது அடங்கிய பெட்டி விற்கும் விலையில் யாரும் அதை வைத்துப் பழகுவதில்லை. நான் கோடை முழுக்க வாரம் இருபது தோட்டா நிரப்பிச் சுடுவேன். மேசையில் வைத்து இல்லை. மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து, ஓடிவந்து மூச்சு வாங்க நின்று. வேட்டைக்கு மட்டும் கம்பெனித் தோட்டா எடுத்துப் போவதிலும் தப்பே இல்லை. இதை நிரப்புகிறவன் சொல்லக் கூடாதாம், சொல்லிவிட்டேன்.

என் சொந்த அவமானம் ஒன்று. ஒரு வருஷம், குறி இன்னும் நெருங்கி விழட்டும் என்று குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்து நிரப்பினேன். மைதானத்தில் அழகாகக் குவிந்தது. காட்டில் முதல் நாள் சாயங்காலம் கூடாரத்துக்குத் திரும்பியதும், ரைஃபிளைக் காலி செய்யப் போல்ட்டை இழுத்தேன். பித்தளை மட்டும் வந்தது. குண்டு குழலின் உள்ளே வெட்டியிருக்கும் சுழல் வரிகளில் கடித்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது. மருந்து முழுதும், அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகஸினுக்குள் மணலைப் போலக் கொட்டிக் கிடந்தது. குழலைத் தட்டிக் குண்டை வெளியே எடுக்க எங்களிடம் கம்பி இல்லை. மூன்று நாள் பயணம் எனக்கு அன்றோடு முடிந்தது, மீதி இரண்டு நாளும் நண்பனுக்குச் சமைத்துப் போட்டேன். அவனே இன்றுவரை அந்த ரசத்தைப் பற்றித்தான் பேசுகிறான்.

அதிலிருந்து வேட்டைக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும் மைதானத்தில், குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மேகஸினிலிருந்து அறைக்குள் ஏற்றி வெளியே எடுத்துப் பார்க்கிறேன். சிக்குவது, இறுக்குவது, கீறல் விழுவது எல்லாம் பழக்கப் பெட்டிக்குப் போய்விடும். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கொஞ்சம் மேடாக உட்கார்ந்திருந்தாலும் அப்படியே. இன்னொன்று, ஜூலை வெயிலில் அளந்து பார்த்த வேகம் செப்டம்பர் உறைபனியில் இருக்காது. வெப்பத்துக்கு அதிகம் அலையாத மருந்து வகைகள் கிடைக்கின்றன, அதில் ஒன்றை எடுங்கள். குறியைக் குளிரில் ஒரு முறை மறுபடி சரிபாருங்கள்.

“.45-70 லீவர் ரைஃபிளில் கூர்முனைக் குண்டு போடலாமா?” – வாசகர், ஜூனோ

கூடாது. அதன் மேகஸின் குழாய் வடிவம். ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். உதையில் கூர்முனை பிரைமரைக் குத்தினால் உங்கள் இடது கைக்குள்ளேயே வெடிக்கும். தட்டை மூக்குக் குண்டு போடுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் மெத்து முனைக் குண்டு.

“ஒரு அம்மையார் .22 துப்பாக்கியால் உலகிலேயே பெரிய கிரிஸ்லியைச் சுட்டாராமே? அப்படியிருக்க இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?” – வாசகர், எட்மன்டன்

உங்கள் மாகாணத்துக் கதைதான், உண்மையும்கூட. பெல்லா ட்வின் என்ற கிரீ பழங்குடிப் பெண், 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்லேவ் லேக் பக்கம், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் .22-ஆல் மிக அருகில் வந்த கரடியைத் தலையின் பக்கவாட்டில் சுட்டார். விழுந்த பிறகும் விடாமல் அதே இடத்தில் மறுபடி மறுபடி சுட்டார். அன்றைய சாதனை அது. காட்டிலேயே வாழ்ந்தவர், மண்டை ஓட்டில் எங்கே எலும்பு மெலிந்திருக்கும் என்று அறிந்தவர். வேறு வழியும் இருந்திருக்காது. நீங்களும் நானும் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. அலாஸ்காவில் பெரிய விலங்குக்கு .22 சட்டப்படியும் ஆகாது.

மறுபக்கக் கதையும் கேளுங்கள். 1805 மே 5, இன்றைய மொன்டானாவில் மிசௌரி ஆற்றங்கரை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ்–கிளார்க் பயணக் குழு ஒரு கிரிஸ்லியைச் சுட்டது. பத்து குண்டு பட்டது, அதில் ஐந்து நுரையீரலில். அதன் பிறகும் அது ஆற்றில் பாதிக்கு மேல் நீந்தி ஒரு மணல் திட்டில் ஏறியது. உயிர் போக இருபது நிமிடமாவது ஆனது என்று லூயிஸ் எழுதி வைத்திருக்கிறார். சில நாளுக்கு முன்புதான், நல்ல ரைஃபிள்காரன் கையில் இது அவ்வளவு பயங்கரமான பிராணி இல்லை என்று எழுதியவர் அவர்.

எனவே தலையைக் குறி வைக்காதீர்கள். நெற்றி சரிந்தது, மூளை சிறியது. முதுகுத் திமிலையும் வேண்டாம், அது மண் தோண்டுவதற்கான தசை. பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள். முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். நூறு மீட்டருக்குள் வராவிட்டால் விட்டுவிடுங்கள். விழுந்துவிட்டது என்று ரைஃபிளை இறக்காதீர்கள். அசைவு நிற்கும் வரை சுடுங்கள்.

“கரடியைக் கொல்வதற்குப் பாடம் நடத்துகிறீர்களே, மனசு உறுத்தவில்லையா?” – வாசகி, மதுரை

உறுத்தும் அம்மா. இருபது வருஷத்தில் ஒரே ஒரு கிரிஸ்லிதான் சுட்டிருக்கிறேன், இன்னொன்று வேண்டும் என்று தோன்றவில்லை. அலாஸ்காவில் முப்பதாயிரத்துக்கு மேல் இருப்பதால் இங்கே அளவோடு அனுமதிக்கிறார்கள். குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் தொடக் கூடாது. தோலையும் மண்டையோட்டையும் 30 நாளுக்குள் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும். தெற்கே இருக்கும் 48 மாநிலங்களில் 1975-இலிருந்து பாதுகாக்கப்பட்ட இனம். பிரிட்டிஷ் கொலம்பியா 2017-இல் வேட்டையை நிறுத்திவிட்டது. அங்கே நிறுத்தியது சரி என்றுதான் நினைக்கிறேன். எப்படியும் போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள், கரடி காயத்தோடு மூன்று நாள் அலையாமல் இருக்கட்டும் என்றுதான் குண்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். உங்களுக்கு இது போதாத பதிலாக இருக்கலாம்.

“வேட்டைக்கு இல்லை, மலையேறத்தான் போகிறோம். துப்பாக்கியா, கரடி ஸ்பிரேயா?” – வாசகர், டென்வர்

ஸ்பிரே. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், பழுப்புக் கரடிகளிடம் நூற்றுக்கு 92 முறை அந்த மிளகாய்க் காரத் தூவல் வேலை செய்ததாகக் கண்டார்கள். பையின் அடியில் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், இறங்கிய ஊரில் வாங்குங்கள். திரும்பும்போது அங்கே யாராவது மச்சான் இருந்தால் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்த வகை மச்சானாக இருந்தாலும் பரவாயில்லை.