கேரவனுக்குள் கொக்கி: எது நிற்கும், எது விழும்?

கேள்வி: திருவொற்றியூரில் கடற்கரை ஓரமாக வீடு. என் மைத்துனர் காரின் பின்னால் இழுத்துப் போகிற சின்ன கேரவன் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறார். துண்டு, பை, கரண்டி, கப் எல்லாம் மாட்டுவதற்கு உள்ளே ஸ்டிக்கர் ஹூக் ஒட்டினோம். வீட்டுச் சமையலறையில் அசையாமல் நிற்கும் அதே ஹூக், முதல் பயணத்திலேயே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. பேசாமல் ஸ்க்ரூ அடித்துவிடலாமா?

பதில்: ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், விழுந்த ஹூக்கைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏன் விழுந்தது என்று அதுவே சொல்லிவிடும். பசை முழுவதும் ஹூக்கோடு வந்து சுவர் சுத்தமாக இருந்தால், ஒட்டிய இடத்தில் எண்ணெயோ தூசியோ இருந்திருக்கும், அல்லது சூட்டில் பசை இளகியிருக்கும். பசைப் பட்டை நடுவில் கிழிந்து பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தால் பாரம் அதிகம். பூப்போட்ட மெல்லிய தாள் ஒன்று ஹூக்கோடு உரிந்து வந்திருந்தால், ஹூக்கின் மேல் குற்றமே இல்லை. டிரெய்லர்களின் உள்சுவர் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டின் மேல் வினைல் தாள் ஒட்டியதுதான். நீங்கள் ஒட்டியது அந்தத் தாளின் மேல். வால்பேப்பர் மேல் ஒட்டாதீர்கள் என்று ஹூக் கம்பெனிகளே சொல்கின்றன.

அடுத்தது சூடு. ஹூக்கின் பின்னால் ஒட்டும் த்ரீஎம் கம்பெனியின் ‘கமாண்ட்’ பசைப் பட்டைகளுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் வரம்பு சுமார் 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. மே மாதத்தில் கதவு, ஜன்னல் சாத்தி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி சாதாரணமாக வந்துவிடும். அதனால் ஸ்டிக்கர் ஹூக்கை வெயில் விழாத பக்கமாக, வழவழப்பான அலமாரிக் கதவிலோ குளியலறைக் கண்ணாடியிலோ மட்டும் ஒட்டுங்கள். முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலர விடுங்கள். சானிட்டைசர் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் மாட்ட வேண்டும். நம் வீடுகளில் ஒட்டின கையோடு துண்டைப் போட்டுவிடுகிறோம், அங்கேயே பாதி போய்விடுகிறது.

சரி, ஸ்க்ரூ. அடிக்கலாம், ஆனால் கண்ட இடத்தில் கூடாது. அந்த 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஸ்க்ரூ பிடிக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு தரம் குலுங்கிப் போய் வந்தால் துளை பெரிதாகிக் கழன்றுவிடும். உள்ளே மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். பாடி கட்டிய பட்டறை நம் ஊரிலேயே இருந்தால் அவர்களிடம் கேட்டு, சட்டம் ஓடும் இடத்தையும் வயர் போகும் இடத்தையும் பென்சிலால் குறித்துத் தரச் சொல்லுங்கள். சுவரின் மொத்தத் தடிமனே ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். நீளமான ஸ்க்ரூ வெளித்தகட்டைத் துளைத்துவிட்டால், மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி மரம் ஊறிப்போன பிறகுதான் உங்களுக்கே தெரிய வரும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சின்ன ஹூக்குக்காகச் சுவரையே மாற்ற வேண்டி வரும்.

கப் மாட்டத் திறந்த ஹூக் வேண்டாம். வேகத்தடையில் வண்டி எகிறும்போது கப்பும் எகிறி ஹூக்கை விட்டு வெளியே வந்துவிடும். வாய் மூடுகிற கொக்கி போடுங்கள், துண்டுக்கு வளையம் போடுங்கள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஸ்பிரிங் ராடு ஒன்றை இறுக்கி மாட்டினால் துளையே வேண்டாம், ஈரத்துணியும் காயும். இரும்பு வாணலி, தோசைக்கல் போன்றவற்றை எந்த ஹூக்கிலும் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். திடீரென்று பிரேக் அடித்தால் அது நேராக யார் தலைக்கு வேண்டுமானாலும் வரும். அவை கீழ் அலமாரியில் போகட்டும். அப்புறம், அடுப்புக்கு மேலே துண்டு தொங்கக் கூடாது.

கேள்வி: “10 கிலோ தாங்கும்” என்று போட்டிருந்த காந்த ஹூக்குகளை ஆன்லைனில் வாங்கினேன். வேனின் உள்பக்கத் தகட்டில் ஒட்டி, இரண்டு கிலோ பையை மாட்டினாலே வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது? — ராயபுரம் வாசகர்

பதில்: அந்த 10 கிலோ, தடிமனான இரும்புப் பாளத்திலிருந்து காந்தத்தை நேராகப் பிடுங்க ஆகும் விசை. சுவரில் பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது. அப்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும். பெயின்ட் அடித்த மெல்லிய தகடு என்றால் இன்னும் குறையும். கூரைத் தகட்டில் அதே காந்தம் ஓரளவு நன்றாகவே நிற்கும். ரப்பர் உறை போட்ட காந்தம் வழுக்குவது குறைவு, பெயின்ட்டும் கீறாது. அலுமினியம், ஃபைபர் பாடியில் எந்தக் காந்தமும் ஒட்டாது.

ஆனால் விற்பனைப் பக்கத்தில் சுவரில் பை தொங்கும் படத்தைக் காட்டி 10 கிலோ என்று எழுதியிருந்தால், அது வாங்குபவரைத் திசைதிருப்பும் விளம்பரம்தான். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், வழுக்குவதை வீடியோ எடுங்கள், இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சில நூறு ரூபாய் ஹூக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து. 1915 வரை கட்டாயம் போங்கள். ஹூக் விழுந்து செல்போனோ லேப்டாப்போ உடைந்திருந்தால் கதை வேறு, அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் “வாகனத்தில் பயன்படுத்தக் கூடாது” என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அதனால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிக் கொடுத்த ஹூக்கே துருப்பிடிக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல்தானே? — காசிமேடு

பதில்: இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் தரத்தை 202, 304, 316 என்று எண்ணால் சொல்வார்கள். மலிவான 202 வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் உங்கள் பக்கத்து உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி வைக்கும். 304 கேளுங்கள். டிரெய்லரின் வெளிப்பக்கம் மாட்டுவதற்கு, கையில் காசு இருந்தால், மாலிப்டினம் சேர்ந்த 316. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பில்லில் 304 என்றோ 316 என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.