பனியில் பிறக்கும் கன்றுகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள குடும்ப மாட்டுப் பண்ணைகளுக்குப் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் தூக்கம் தொலைக்கும் வாரங்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மொன்டானாவை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன். மனிதரைவிட மாடுகள் அதிகம் வாழும் மாநிலம் அது.

பனி கொட்டும் மாதத்தில் மாடுகளை ஈனவிடுகிறார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் என்ன? (பல்லடம்)

தள்ளிப் போடலாம். ஏப்ரல், மே என்று மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. என் கட்சியும் அதுவே. ஆனால் மார்ச் ஈற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டின் சினைக்காலம் சுமார் 283 நாள். மே மாத நடுவில் காளைகளை மந்தையில் விட்டால் பிப்ரவரி கடைசியில் ஈற்று தொடங்கும். அக்டோபர் வாக்கில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து எடை போட்டு விற்பார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ எடை ஏறுவதால், ஒரு மாதம் முந்திப் பிறந்த கன்று 30 கிலோ கூடுதலாக நிற்கும். மே மாதத்தில் புல் தளிர்க்கும்போது அதைக் கொறிக்கும் வயதும் வந்திருக்கும். இத்தனைக்கும் எதிராக உலர்புல் செலவையும் இரவு விழிப்பையும் பனியில் சாகும் கன்றுகளையும் வைத்துப் பார்த்தால், புல் முளைத்த பிறகு ஈனுவதே பல பண்ணைகளுக்கு நல்லது என்பேன்.

மைனஸ் 20 டிகிரியில் மாடுகளைத் திறந்தவெளியில் நிறுத்துவது வதை அல்லவா? (கொழும்பு)

வளர்ந்த மாட்டை வெறும் குளிர் எளிதில் வீழ்த்தாது. ஈரமும் காற்றும்தான் வீழ்த்தும். அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால், ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி வரை உடல் சூட்டைக் காக்கக் கூடுதல் தீவனம் வேண்டியதில்லை. நனைந்துவிட்டாலோ 15 டிகிரியிலேயே வேண்டும். அதனால்தான் ஜனவரியின் வறண்ட உறைகுளிரைவிட, மழையும் பனியும் கலந்தடிக்கும் மார்ச் மாத நாள் பண்ணையாளரைப் பதற வைக்கிறது. அந்த வரம்புக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் கூடுதல் எரிசக்தி தேவை. அதை ஈடுகட்டுவது உலர்புல். முதல் இரைப்பையில் அது நொதிக்கும்போது உண்டாகும் வெப்பமே மாட்டின் அடுப்பு.

காற்றைத் தடுக்கப் பலகை வேலி, படுக்க வைக்கோல், வயிறு நிறையத் தீவனம் இருந்தால் வதை இல்லை. இவை இல்லையென்றால் வதைதான். 1886-87 குளிர்காலம் அதைக் காட்டியது. கோடை வறட்சியில் புல் தீய்ந்திருந்தது, சேமித்த தீவனமும் இல்லை. வடக்குச் சமவெளிகளில் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று உரிமையாளர் கேட்டபோது, அப்போது மாட்டுக்காரராக இருந்த ஓவியர் சார்லஸ் ரஸ்ஸல், எலும்பும் தோலுமாக நிற்கும் ஒற்றை மாட்டை வரைந்து பதிலாக அனுப்பினார். புல் அறுத்துச் சேமிக்கும் வழக்கம் அந்தப் பேரழிவுக்குப் பின்னரே அங்கு வேரூன்றியது.

விறைத்துக் கிடக்கும் கன்றை எப்படிப் பிழைக்க வைக்கிறார்கள்? (நாமக்கல், கால்நடை மருத்துவ மாணவி)

முதலில் வெப்பமானி வையுங்கள். இயல்பான வெப்பம் 38.5 முதல் 39 டிகிரி. 37.8க்குக் கீழே போனால் உடனே சூடேற்ற வேண்டும். 34க்குக் கீழே போனால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில், தலையைத் தாங்கிப் பிடித்து அமிழ்த்துவது விரைவான வழி. வீட்டுக் குளியல் தொட்டியையே இதற்குக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. பிறகு ரோமத்தின் வேர்வரை உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் கன்றை வெளியே விட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

சூடேற்றுவதோடு சீம்பாலும் வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகின்றன. அவற்றை உள்ளே விடும் கன்றின் குடல், நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைத்துவிடுகிறது. 40 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்துக்குள் 4 லிட்டர் சீம்பால் சேர வேண்டும். அதிலும் முதல் தவணை பிறந்த சில மணி நேரத்துக்குள். சப்பத் தெம்பில்லாவிட்டால் குழாய் மூலம் கொடுக்கிறார்கள்.

நம் ஊர்களில் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பால்குடிக்க விடாமல் காத்திருக்கிறோம். இந்த வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மொன்டானாவில் பனியோடு போராடிக் காக்கும் அந்த முதல் மணி நேரங்களை, பனியே இல்லாத இடத்தில் நாம் வீணடிக்கிறோம்.

இரவெல்லாம் விழித்திருப்பார்களா? (மதுரை)

தலையீற்றுக் கிடாரிகளை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். மற்ற மாடுகளுக்கு எளிய உபாயம் ஒன்று உண்டு: தீவனத்தை மாலையில் வைப்பது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 15 பண்ணைகளின் 1,331 மாடுகளுக்கு அந்தி நேரத்தில் மட்டும் தீவனம் வைத்தபோது, 85 சதவீதக் கன்றுகள் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே பிறந்தன. செலவில்லாத இந்த வழியைப் பின்பற்றாத பண்ணைகள் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம்.

தாயை இழந்த கன்றை வேறு மாடு ஏற்குமா? (தஞ்சாவூர்)

கன்றை இழந்த மாடு ஏற்கும், வாசனை ஒத்துப்போனால். இறந்த கன்றின் தோலை உரித்து அநாதைக் கன்றின் முதுகில் கட்டிவிடுகிறார்கள். மாடு மோந்து பார்த்து நக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. சில நாளில் தோலை எடுத்துவிடலாம். நம் ஊரில் தோலில் வைக்கோல் திணித்து மாட்டின் முன் நிறுத்திப் பால் கறந்ததும் அதே மோப்பத்தை நம்பித்தான். ஆனால் அங்கே உயிருள்ள ஒரு கன்றுக்குத் தாய் கிடைக்கிறாள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீர்த் தொட்டி எதற்கு? (கோவை)

மாடு பனியை நக்கும். ஆனால் உலர்புல் தின்னும் சினை மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், பால் கொடுக்கும் மாட்டுக்கு இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் தீவனம் எடுப்பதும் குறையும், பாலும் வற்றும். ஆகவே தினமும் கோடரியால் பனிக்கட்டியை உடைக்கத்தான் வேண்டும்.