ஆறு வாரமும் ஒரு காகிதப் பையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் கிரேட் 10 முடிக்கப் போகிறாள். பள்ளியில் விஷுவல் ஆர்ட்ஸ் ஒரு பாடம். எந்நேரமும் போனைப் பார்த்து கொரியப் பாடகர்களை வரைந்துகொண்டிருப்பாள், அப்படியே போட்டோ மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆறு வாரக் கோடைப் பயிற்சிக்கு அடுத்த வருடம் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். செலவைக் கேட்டதிலிருந்து அவள் அப்பா வாயே திறக்கவில்லை. ஊரில் ஒரு மனை இருக்கிறது, அதை விற்றாவது அனுப்பலாமா என்று நான் யோசிக்கிறேன். அங்கே போய் வந்தால் கல்லூரியில் இடம் கிடைத்த மாதிரிதான் என்று ஒரு ஆலோசகர் சொல்கிறார். உங்கள் மகன் இப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன். அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது? உடை இல்லாத மாடல்களை வைத்து வரையச் சொல்வார்களாமே, அதுவும் உறுத்துகிறது.

அன்புடன்,
ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

மனையை விற்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்த ஆலோசகர் சொன்னது தவறு. கோடைப் பயிற்சிக்குப் போனவர்களுக்குக் கல்லூரியில் இடம் உறுதி என்று ஒன்றும் கிடையாது. எல்லாரையும் போல விண்ணப்பித்து, எல்லாரையும் போல படங்களைக் காட்டித்தான் சேர வேண்டும். தங்குமிடம், சாப்பாடு சேர்த்து 10,000 டாலருக்கு மேல் ஆகும். அதன்மேல் விமானம், விசா, வரைபொருட்கள். நம் தென்னாப்பிரிக்க ரேண்டில் பெருக்கிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்காதது நியாயம்தான்.

இனி, அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கல்லூரி 1877-இல் தொடங்கியது, பிராவிடன்ஸ் நகரில் இருக்கிறது. அங்கே 16 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரைதல் அடிப்படை, டிசைன் அடிப்படை, கலை வரலாறு, அவரவர் தேர்ந்தெடுக்கும் ஒரு பிரிவு என்று வகுப்புகள். என் மகன் போனது வேறொரு கல்லூரிக்கு. ஆனால் இந்த அடிப்படைப் பாடத்தின் வேர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் எந்தத் தொழிலுக்குப் போகிறவரும் முதலில் ஒரு பொதுப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. பொருளைத் தொட்டு, கிழித்து, மடித்துப் பார். கோடு, இருட்டு வெளிச்சம், நிறம், இவற்றைத் தனித்தனியாகப் பழகு. அப்புறம்தான் நாற்காலியும் துணியும். அங்கே கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ் 1933-இல் அமெரிக்கா வந்தார். அவரைப் போன்றவர்களோடு அந்த வழக்கமும் வந்தது.

என் மகன் இங்கிருந்து ஒரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா, பென்சிலில். தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். கோயில் கமிட்டியில் பார்க்காத ஆள் இல்லை, பாராட்டாத ஆளும் இல்லை. முதல் வாரம் ஆசிரியை அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நீ பார்த்தாயா?" இவன் பார்க்கவில்லை. பார்த்தது கேமரா. பிறகு அவர் ஒரு பழுப்புக் காகிதப் பையைக் கசக்கி மேசையில் வைத்து, இதை வரை என்றார். இரண்டு நாள் அதே பை. அன்று ராத்திரி அழுகையோடு போன் வந்தது. என் மனைவி உடனே டிக்கெட் போட்டு வரவழைக்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, ஆனால் எனக்கும் தூக்கமில்லை.

மாலையில் எல்லார் படமும் சுவரில் ஏறும். ஊசி குத்தி வரிசையாக மாட்டிவிட்டு வகுப்பே எதிரில் நிற்கும். கிரிட்டீக், சுருக்கமாக 'க்ரிட்' என்பார்கள், விமர்சனம்தான். உன் கண் முதலில் எங்கே போகிறது, எந்த மூலை செத்துக் கிடக்கிறது, ஏன் இந்தக் கோடு பயந்திருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளே பேசுவார்கள். வரைந்தவன் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அடி. நாம் ஒன்று "சூப்பர்" என்போம், இல்லையென்றால் "இதை வைத்து எப்படிப் பிழைப்பாய்" என்போம். நடுவில் இருப்பதை அவர்கள் கேட்டதே இல்லை. அந்தப் பணத்துக்கு என் மகனுக்குக் கிடைத்தது அந்தச் சுவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். சான்றிதழ் எங்கோ பெட்டியில் கிடக்கிறது.

மாடல் விஷயம். ஆமாம், பல இடங்களில் உண்டு. நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது விநாடிக்கு ஒரு நிலை மாறும், ஒரு காலையில் கரியால் நாற்பது ஐம்பது தாள் தீரும். தோள் எங்கே, எடை எந்தக் காலில் என்று பார்க்கவே நேரம் போதாது, கூச்சத்துக்கு எங்கே நேரம். என் கவலையெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருப்பான், அட்டைக் கத்தியில் கை கிழிந்ததும் நடந்தது.

நாட்காட்டியைப் பார்த்தீர்களா? அவர்கள் கோடை நமக்குக் குளிர்காலம். நம் பள்ளிகளுக்கு ஜூன், ஜூலையில் விடுமுறை மூன்று வாரம் போல வருகிறது. பயிற்சியோ ஆறு வாரம். மூன்றாம் பருவத்தின் தொடக்கம் போய்விடும். மெட்ரிக் வருடத்தில், அதாவது கிரேட் 12-இல், அதற்குப் பின்னாலேயே இறுதித் தேர்வுக்கு முந்தைய ட்ரையல் தேர்வு. ஆக, போவதானால் கிரேட் 11-இல்தான், அதுவும் பள்ளியில் முன்கூட்டியே பேசிவிட்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடிந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் கேப்டவுனில் மைக்கேலிஸ் கலைக் கல்லூரி இருக்கிறது, நம் ஊரிலேயே டி.யூ.டி., டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இருக்கிறது. கல்லூரிப் படிப்புக்கே மனையை வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. வருகிற விடுமுறையில் ஆறு நாள், காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை போன் இல்லாமல் வரையட்டும். சமையலறைத் தொட்டி, செருப்புக் குவியல், நீங்கள் மீன் அரிவது, வார்விக் சந்தையில் மூலிகை விற்கும் பெண்கள், எதுவும் சரி. கண்ணெதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் நடைபாதைச் சுவரில் மாட்டுங்கள். முடிந்தால் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் கலை மையத்தில் படித்த அசாரியா ம்பாதா, ஜான் முவஃபாங்கெஜோ இவர்களின் லினோகட்களைத் தேடிக் காட்டுங்கள். நம் மாகாணத்தில், 1960-களில் தொடங்கிய அந்த மையத்தில், லினோலியத் துண்டைச் செதுக்கி ஒரே ஒரு கறுப்பு மையில் அவர்கள் செய்ததைப் பார்த்தால், போட்டோ மாதிரி இருப்பது ஏன் போதாது என்று அவளுக்கே புரியும். எனக்கு அது நாற்பது வயதில்தான் புரிந்தது. அதுவரை துணி ஆலைக்குப் பூப்பூவாக வரைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அலுத்துப்போய் எழுந்துவிட்டால் அமெரிக்கா இந்த வருடம் வேண்டாம். ஆறாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அவள் அப்பாவிடம் நானே பேசுகிறேன். சுவரை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன். கொரியப் பாடகர்கள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா