வாசகர் கேள்வி: கத்துகிறவருக்கு முடிவு தெரியுமா, தெரியாதா?

கேள்வி: 90களில் ரெஸ்லர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய ஆள் நான். ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பார் என்பது முன்னாடியே முடிவாகிவிடும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதற்குக் கமெண்டரி சொல்கிறவர் மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உயரம், எடை, மார்பளவு எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தோம், ஆனால் அந்தக் குரலுக்கு மட்டும் ஒரு கார்டு போடவில்லை பாருங்கள். நீங்கள் சொல்கிறவர் பெரும்பாலும் ஜிம் ரோஸ்ஸாகத்தான் இருப்பார். கறுப்பு கௌபாய் தொப்பி, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து இழுவைப் பேச்சு, ரசிகர்களுக்கு 'ஜே.ஆர்.'. யார் ஜெயிப்பார் என்று கேட்டால் அவரிடம் சொல்லியிருப்பார்கள்தான், ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் அவருக்கு விருப்பம் கிடையாது. அதுவும் போக, யார் ஜெயிப்பார் என்று தெரிந்திருந்தாலும் நடுவில் என்ன ஆகும் என்று எவனுக்குத் தெரியும்?

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். ரிங்கைச் சுற்றிப் போட்ட 16 அடி கம்பிக்கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்டை, அதாவது மிக் ஃபோலியை, அண்டர்டேக்கர் தூக்கி எறிகிறார். ஆள் போய் விழுந்தது ஸ்பானிஷ் கமெண்டேட்டர்களின் மேசை மேல். கொன்றுவிட்டார்கள், கடவுள் சாட்சியாக ஆள் இரண்டாக உடைந்துவிட்டான் என்று ஜே.ஆர். அலறிய அலறல் இன்றைக்கும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, கால்பந்தில் யாராவது தடுக்கி விழுந்தால்கூட அந்த ஆடியோவைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் அந்த முதல் விழுகை திட்டம் போட்டுச் செய்தது. ஃபோலி மறுபடி மேலே ஏறி, அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்தபோது கூண்டின் கூரை பிய்த்துக்கொண்டு, நேராக ரிங்குக்குள் விழுந்தாரே, அது யார் திட்டத்திலும் இல்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது, ஒரு பல் மூக்குக்குள் போய்விட்டது. யாராவது இந்த மேட்ச்சை நிறுத்துங்களேன் என்று ஜே.ஆர். கேட்டாரே, அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். கமெண்டரி சொல்கிற குரல் இல்லை அது, பக்கத்து வீட்டில் ஏதோ ஆகிவிட்டால் வருமே, அந்தக் குரல்.

இப்படிக் கத்துகிறவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. எல்லாவற்றையும் நிஜம் நிஜம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் உண்மையிலேயே நிஜம் வந்து நின்றால் எந்த வார்த்தையில் சொல்வார்? 1999 மே 23, கான்சஸ் சிட்டி. ரெஸ்லர் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டிய காட்சி, சுமார் 78 அடியிலிருந்து ரிங்கில் விழுந்துவிட்டார். வீட்டில் காசு கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நேரம் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் அவர் விழுந்ததைப் பார்க்கவில்லை. இது ஷோவின் பகுதி இல்லை, உண்மையாகவே நடந்துவிட்டது என்று ஜே.ஆர். திரும்பத் திரும்பச் சொன்னார், சத்தமே போடாமல். கொஞ்ச நேரம் கழித்து ஓவன் இறந்துவிட்டார் என்று அறிவித்ததும் அவர்தான். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைச் சொல்லவே இல்லை, மேட்ச்சுகள் பாட்டுக்கு நடந்தன. அதை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கேள்வி: இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? (ஒரு கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஜே.ஆர். கதையைச் சொல்கிறேன், படிப்பா என்று நீங்களே பாருங்கள். 1970களில் ஓக்லஹோமா பக்கம் ஒரு சின்ன ரெஸ்லிங் கம்பெனியில் ரெஃப்ரியாகச் சேர்ந்தார். முதலாளி லிராய் மெக்குயர்க் முன்னாள் சாம்பியன், கார் விபத்தில் பார்வை போனவர். ஊர் ஊராக அவருக்குக் கார் ஓட்டியதும் நம்மாள்தான். கண் தெரியாத மனுஷன் பக்கத்தில் இருக்கும்போது வாய்வழியாகக் காட்ட வேண்டியிருக்குமே, கமெண்டரிக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றும்.

1993இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) வந்தார், முதல் நாளே ரோமானியர் போல வெள்ளைத் துணி சுற்றி உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் முகவாதம் வந்து முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வேலையும் போனது. திரும்ப வந்தார். 1998 டிசம்பரில், அம்மா இறந்த சில நாட்களில், லண்டன் ஷோவின் நடுவிலேயே மறுபடி வாதம். கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து, அந்தக் கம்பெனியின் வருடாந்தரப் பெரிய ஷோவான ரெஸ்ல்மேனியாவில் ஆஸ்டின்–ராக் மோதலுக்கு மட்டும் வந்து உட்கார்ந்தார், வாய் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. டி.வி. வேலைக்கு முகம் முக்கியம் என்பார்கள் இல்லையா!

ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: நீங்கள் பேசும்போதே ஹெட்செட்டில் இன்னொருவர் பேசுவார், ஜே.ஆர். காலத்தில் பல சமயம் அது அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மேனே. அவரும் 1997 வரை கமெண்டேட்டராக உட்கார்ந்தவர்தான், அதனால் திருத்தம் தாராளமாக வந்தது.

கேள்வி: கமெண்டரிக்கு எதற்கு இரண்டு பேர்? (மதுரை வாசகி)

பதில்: ஒருவர் நடப்பதைச் சொல்வார், இன்னொருவர் வில்லனுக்கு வக்காலத்து வாங்குவார். இரண்டாவது வேலையில் பாபி ஹீனனை மிஞ்ச ஆளில்லை. 1992 ராயல் ரம்பிள் கிடைத்தால் பாருங்கள், ஆட்கள் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வர, கடைசிவரை வெளியே தள்ளப்படாமல் நிற்பவர் ஜெயிக்கிற மேட்ச் அது. அவருடைய செல்லப்பிள்ளை ரிக் ஃப்ளேர் மூன்றாவது ஆளாக ரிங்குக்குள் வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து ஜெயிக்கிறார். அவ்வளவு நேரமும் ஹீனனுக்குத்தான் நெஞ்சுவலி. "இது ஃப்ளேருக்கு ஃபேர் இல்லை" என்று புலம்பித் தள்ளுகிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கமெண்டேட்டர் கொரில்லா மான்சூன் மசியவே மாட்டார். நடுவில் ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் பாவாடை மாதிரியான கில்ட்டைக் கட்டிக்கொண்டு ராடி பைப்பர் என்ற ரெஸ்லர் வருகிறார். ஃப்ளேரை அடிக்கும்போது அது ஹீனனுக்குப் பொம்பளைப் பாவாடை. அதே பைப்பர் இன்னொருவனைத் தாக்கப்போய் ஃப்ளேர் தப்பித்ததும், நன்றி ராடி, அது பாவாடை இல்லை, கில்ட் என்கிறார். அடுத்த நிமிஷம் பைப்பர் மறுபடி ஃப்ளேர் பக்கம் திரும்ப, கில்ட் மறுபடி பாவாடையாகிவிட்டது.