சேட்டை செய்யாத பிள்ளைக்கும் ஏடிஎச்டி இருக்கலாம்: கேள்வி பதில்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பரம சாது. ஆனால் வகுப்பில் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். பள்ளி கவுன்சிலர் ஏடிஎச்டியாக (கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருக்கலாம் என்கிறார். அது துறுதுறு பையன்களுக்குத்தானே வரும், டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. துறுதுறுப்பு துளியும் இல்லாமல் கவனம் மட்டும் சிதறுகிற வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் தவறிப்போவது இதுதான். பையன் பெஞ்சு மேல் ஏறி நின்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் வந்துவிடும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனாலேயே வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் இரண்டு கணக்கு அழகாக இருக்கும். மூன்றாவதில் கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும். நான்காவது பாதியில் நிற்கும். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். இப்படி ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி இரண்டிலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் பல அறிகுறிகள் தொடர்ந்து, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஏடிஎச்டி தெரியாது. ஆனாலும் ரத்தசோகை, தைராய்டு, காது, கண், தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. அவற்றாலும் கவனம் குறையும்.

கேள்வி: செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை. இதில் பரம்பரையின் பங்குதான் பெரிது. லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1902-லேயே பேசியிருக்கிறார். ராத்திரி போன் பார்த்துத் தூக்கம் கெட்டால் சிரமம் கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு 36 வயது. மகனைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னைப் பற்றிக் கேட்டதுபோலவே இருந்தன. பால் பொங்கி வழியும், கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். இந்த வயதில் வருமா?

பதில்: புதிதாக வராது, சகோதரி. சிறு வயதிலேயே இருந்தது இப்போதுதான் தெரிகிறது. பிள்ளைக்குக் கண்டுபிடிக்கும்போது அம்மாவுக்கும் தெரிய வருவது சாதாரணமாக நடப்பதுதான். பழைய ராங்க் கார்டு இருந்தால் தேடி எடுங்கள். 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது' என்கிற மாதிரி வரிகள் டாக்டருக்கு உதவும். 17 வயது முதல் ஐந்து அறிகுறிகள் இருந்தாலே போதும் என்று 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடு) சொல்கிறது.

பெண்கள் சமாளித்தே பழகியவர்கள். நாலு தடவை சரிபார்ப்பது, ராத்திரி விழித்து வேலையை முடிப்பது என்று மூடி மறைத்து, கடைசியில் பதற்றம், மனச்சோர்வு என்று வந்து நிற்பார்கள். அதற்கு மட்டும் வைத்தியம் நடக்கும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் பலருக்கு இந்தக் கவனச் சிதறல் கூடுகிறது. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஐந்து வயது. மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவானா?

பதில்: இந்த வயதில் முதலில் மாத்திரை இல்லை, பெற்றோருக்கான பயிற்சிதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது, செய்த உடனே பாராட்டுவது போன்றவை. பெரிய பிள்ளைகளுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். பசி மந்தமாகலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கேள்வி: தனியாரிடம் போக வசதியில்லை. யாரிடம் காட்டுவது?

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். போகும்போது டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் எந்த டாக்டராலும் சரியாகச் சொல்ல முடியாது.