இண்டி 500 பார்க்கப் போகிறீர்களா? உயரத்தில் இடம் பிடியுங்கள்

கேள்வி: மே, ஜூன் இரண்டு மாதமும் சிகாகோவில் மகள் வீட்டில் இருப்போம். மாப்பிள்ளை இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். எனக்கு டிவியில் ஃபார்முலா ஒன் பார்த்துத்தான் பழக்கம். ஓவல் தடத்தில் ஒரே மாதிரி சுற்றி வருவதில் பார்க்க என்ன இருக்கிறது? போனால் எங்கே உட்காருவது?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் விலை குறைவு என்று கீழ் வரிசையில் டிக்கெட் எடுக்க மட்டும் வேண்டாம். அங்கே கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு சத்தமும் ஒரு நிறமும் கடந்து போகும், அவ்வளவுதான். எந்தக் கார், எத்தனையாவது இடம் என்று ஒன்றும் பிடிபடாது. தடத்தின் சுற்றளவு 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர். எங்கே உட்கார்ந்தாலும் முழுவதும் தெரியப்போவதில்லை. அதனால் உயரம்தான் முக்கியம்.

என் தேர்வு, முதல் திருப்பத்தின் வெளிப்பக்க கேலரியில் மேல் வரிசைகள். காரணம் இருக்கிறது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், பின்னால் வருவது நேர்பாதையில் வேகம் கூடி நெருங்கிவிடும். திருப்பத்துக்குள் நிலைமை தலைகீழ்: கலங்கிய காற்றில் காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைந்து, பின்னால் வருபவருக்குப் பிடி தளரும். ஆகவே திருப்பத்துக்குள் நுழைவதற்கு முன்பே முந்தியாக வேண்டும். பிரதான நேர்பாதை முடிந்து முதல் திருப்பம் தொடங்கும் இடத்தில்தான் அது அதிகம் நடக்கும். மேலிருந்து பார்த்தால் ஒருவர் நெருங்குவது, உள்பக்கம் விலகுவது, மற்றவர் வழிவிடுவதா மறிப்பதா என்று முடிவெடுப்பது எல்லாம் கண்ணெதிரே தெரியும். 33 கார்கள், 200 சுற்றுகள். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் சலிப்புக்கே இடமில்லை.

நான்கு திருப்பங்களும் சுமார் 9 டிகிரி சாய்வுதான். ஃபுளோரிடாவில் உள்ள டேட்டோனா ஓவல் தடத்தின் 31 டிகிரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனாலும் அந்தச் சாய்வில் டயர் தாங்கும் சுமை சாதாரணமானதல்ல. 2005-இல் ஃபார்முலா ஒன் இங்கே வந்தபோது ஓவலின் ஒரு திருப்பத்தையும் சேர்த்துத்தான் ஓட்டினார்கள். மிஷெலின் டயர்கள் அதைத் தாங்காது என்று தெரிந்ததும் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன. மிச்சம் ஓடிய ஆறில் ஒன்று நம் கோவை நரேன் கார்த்திகேயனுடையது. நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அன்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள் என்றாலும், அந்தத் தடத்தைப் பார்க்கும்போது நமக்கு நரேன் நினைவும் வரத்தான் செய்யும்.

தொடக்கக் கோட்டையும் கவனியுங்கள். 1909-இல் சுமார் 32 லட்சம் செங்கல் பதித்த தடம் இது. இப்போது தார்ச்சாலை ஆகிவிட்டாலும், கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்குச் செங்கலை விட்டுவைத்திருக்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பந்தயம் மே கடைசித் திங்களுக்கு முந்தைய ஞாயிறு. சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் என்றாலும், இண்டியானாபோலிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். காலையில் கிளம்பிப் போய்விடலாம் என்று நினைக்காமல் முந்தைய இரவே அங்கே தங்குங்கள். நெரிசல் அப்படி. அப்புறம் மழை. ஈரமான ஓவலில் கார் ஓட்ட மாட்டார்கள். 2024-இல் நான்கு மணி நேரம் தள்ளிப்போனது, 1997-இல் செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது. மழையால் பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகலாம்; அங்கே அன்று விடுமுறைதான், ஆனாலும் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தொப்பி, தண்ணீர், காதடைப்பான் மூன்றும் கட்டாயம். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால், பிரதான நேர்பாதைப் பக்கம் கூரைக்குக் கீழே இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டத்தை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறதா? பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சியும் பிட் நிறுத்தப் போட்டியும் (யார் வேகமாக டயர் மாற்றுகிறார்கள் என்ற போட்டி) நடக்கும். அதே கார்கள்தான், ஆனால் கூட்டம் குறைவு. அதுவும் வேண்டாம், ஃபார்முலா ஒன் போல வலமும் இடமும் வளைகிற தடம்தான் பிடிக்கும் என்றால், ஜூனில் விஸ்கான்சின் மாநிலத்து ரோடு அமெரிக்காவுக்குப் போங்கள். இண்டி 500 இடம்பெறும் இண்டிகார் பந்தயத் தொடர் அங்கேயும் வரும். 14 திருப்பங்கள், நாலு மைலுக்குச் சற்றுக் கூடுதல். புல்மேட்டில் மடக்கு நாற்காலி போட்டுப் பார்க்கலாம், நடந்து நடந்து இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.