இன்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பைலட் ஆகியே தீருவேன் என்கிறாள், நடுவானில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்ற பயத்தில் உங்களுக்குத் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம்.

இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, காற்று வீசாத நாளில், சுமார் 9 கிலோமீட்டர் போகும். அதற்கு வேகம் சுமார் 65 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு), அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டராக இருக்க வேண்டும்.

அது என்ன 65? காற்று விமானத்தை இரண்டு விதமாகப் பின்னுக்கு இழுக்கிறது. உடம்பில் மோதுவதால் வரும் இழுவை வேகம் கூடக் கூட அதிகமாகும். இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போது கூடவே வரும் இழுவையோ வேகம் குறையும்போதுதான் அதிகமாகும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் வேகத்தில்தான் அதிக தூரம் போக முடியும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கை துடிக்கும். தூக்கினால் வேகம் குறைந்து, இழுவை கூடி, முன்னதாகவே இறங்கிவிடும். இன்னும் தூக்கினால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்.

எடை கூடினாலும் சறுக்கும் தூரம் மாறாது, அதற்கான வேகம்தான் கூடும். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாமல் சறுக்கியே பறக்கும் விமானம். போட்டிக் கிளைடர்களில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்பிக்கொண்டு பறப்பது இதனால்தான்.

1983-இல் கனடாவில் 41,000 அடி உயரத்தில் பறந்த போயிங் 767 ஒன்றில் எரிபொருள் தீர்ந்துபோனது. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். 220 நாட் சரியாக இருக்கும் என்று கணித்துச் சறுக்கி வந்து, கிம்லியில் இருந்த பழைய விமானத் தளத்தில் இறக்கினார். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். மூக்கைத் தூக்கினால் ஏன் தூரம் குறைகிறது என்று அவளிடமே கேளுங்கள். படம் வரைந்து, கணக்குப் போட்டு, இறக்கையின் வடிவத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று தோண்டிக்கொண்டே போனால், விமானப் பொறியியலும் அவளுக்குப் பொருந்தும், அதையும் பேசிப் பாருங்கள். "அப்போ நான் எந்த வேகத்தை வைக்கணும், எங்கே இறக்கணும்?" என்று கேட்டால், அது பைலட்டின் கேள்வி. இந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவெடுத்துவிட வேண்டாம், ஆனால் மதிப்பெண் பட்டியலைவிட இது அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

வசதி இருந்தால் முதலில் கிளைடர் பயிற்சியில் சேர்க்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14 வயதிலேயே கிளைடரைத் தனியாக ஓட்டலாம், இன்ஜின் விமானத்துக்கு 16 ஆக வேண்டும். எந்த வழியானாலும் இயற்பியலையும் கணிதத்தையும் விட வேண்டாம். அப்புறம், பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டும் முன்பே வணிக பைலட்டுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.